நூற்று இருபத்தைந்து மைக்ரான்

லூப்ளினில் பிப்ரவரி.
மூன்று மாடிக் கோபுரத்தின் உச்சியில்
உலை இரண்டாயிரம் டிகிரியை எட்டப்போகிறது.
நான் மேலே. தோபியாஷ் கீழே, சுற்றும் உருளையோடு.
நடுவில் இழை இறங்க ஓட்டை போட்ட இரண்டு தளங்களும்
எங்கள் கூச்சலும்.

இதற்கு முன் நான்கு நாள் அடுக்கும் வேலை.
வைக்கோல் தடிமனில் கண்ணாடிக் குழல்கள்
நூற்றுப் பன்னிரண்டு.
கையுறைக்குள் வியர்க்க வியர்க்க
ஒரு தேனடை கட்டினேன்.
மையத்தில் துளையில்லாத ஒரு கம்பி.
அதன் இருபுறமும் மட்டும்
ஹால்ஷ்கா இரண்டு பெரிய குழல்கள் கேட்டிருந்தாள்.

ஏனென்று கேட்டேன்.

"தொலைபேசிக்குப் போகிற இழை
மிதித்தாலும் வளைத்தாலும் குளிரில் போட்டாலும்
ஒன்றும் நடக்காததுபோல
கொடுத்த சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.
நமக்கு அந்தப் பொறுமைசாலி வேண்டாம்.
தொட்டாற்சுருங்கி வேண்டும்."

பழைய ரசீதின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டாள்.
"எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பவனை
எல்லாப் பக்கமும் ஒன்றாக அழுத்தினால்
அவனுக்குள் என்ன மாறும்?"
இரண்டு பள்ளங்கள் வரைந்தாள்.
அதற்குமேல் கணக்கு. எனக்குப் புரியவில்லை.

முதல் சொட்டுக்கு இருபது நிமிடம்.
பாகு கம்பிப் பதத்துக்கு வரும்வரை
யாரும் எதுவும் செய்வதற்கில்லை.
பிறகு விழுகிறது,
தன் வாலைத் தானே இழுத்துக்கொண்டு.
தோபியாஷ் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு
வாலைப் பிடிக்கிறான்.
அந்த வாலுக்காகத்தான் எல்லாம்.

துளைகளுக்குள் நைட்ரஜன் ஊதுவது என் பாடு.
குறைந்தால் சின்னத் துளைகள் கண்மூடிவிடும்.
கூடினால் பெரியவை இரண்டும் உப்பி
நடுவில் இருப்பதை நசுக்கிவிடும்.

ஒன்றேகாலுக்கு அறுந்தது.
கீழே யாரோ கதவை அறைந்து சாத்தியிருக்கிறார்கள்.
இரண்டரைக்கு மறுபடி.
இந்த முறை யார்மீதும் பழி போட முடியவில்லை.
மூன்றுக்குப் பிறகுதான்
திரையில் பச்சை எண்கள் அடங்கின.
நூற்று இருபத்தைந்து.
நூற்று இருபத்தைந்து.
நூற்று இருபத்தாறு.
நூற்று இருபத்தைந்து.

3.52. தடிமனில் சிறு மேடு.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'சரக்கு ரயில், எல்லைப் பக்கம் போவது' என்று எழுதினேன்.
தோபியாஷ் எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.
"முழுசாகப் பிறக்கவில்லை,
அதற்குள் ஒட்டுக் கேட்கிறது பார்."
ரயில் போன கையோடு
வாயுவின் அழுத்தத்தை ஒரு பொட்டு குறைத்துவைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

காலையில் ஹால்ஷ்கா வந்தாள், ஈரக் குல்லாயைக் கழற்றாமல்.
நுனியைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தாள்.
வேறோர் இடத்தில் சீவினாள். இன்னோர் இடத்தில்.
என் தேநீர் ஆறிப்போயிற்று.
"இடது துளை உப்பியிருக்கிறது."
எண்ணூறு மீட்டர் குப்பைக்கு.
கடைசி நாற்பது தேறும் என்றாள்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரலில் அந்த நாற்பது மீட்டர்
அறுநூறு மீட்டர் ஆழத்தில்
உப்புச் சுவரில் வெட்டிய காடிக்குள் பசையோடு படுத்தது.
எங்களோடு இறங்கிய மின்பணியாளர் ஜெனான்
விளக்கை அருகே கொண்டுவந்து கேட்டார்:
"இந்த முடி சுவரைத் தாங்குமா?"
"தாங்காது. சுவர் அசைந்தால் சொல்லும்."
"யாரிடம்?"
ஹால்ஷ்கா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.
திரையில் ஒரு கோடு, நீர்மட்டம் போல.

ஜெனான் நம்பவில்லை.
கட்டைவிரலைக் காடியின் மேல் வைத்து அழுத்தினார்.
கோடு துள்ளியது.
பேருந்தில் யார் காலையோ மிதித்துவிட்டவர்போல
விரலை வெடுக்கென்று எடுத்து
சுவரைப் பார்த்து
"மன்னிக்கணும்" என்றார்.

கோடு இறங்கி
பழைய இடத்துக்கு வந்தது.
முழுவதுமாக வரவில்லை.
அந்த மிச்சத்தை
ஹால்ஷ்கா நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.